அரை மைக்ரான் வித்தியாசம்

மாம்பழம் வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? காம்புக்குப் பக்கத்தில் கட்டை விரலால் லேசாக ஒரு அழுத்து. அமுங்கினால் பழம். அமுங்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் கிடக்க வேண்டியதுதான். (கடைக்காரர் முறைப்பார். அது வேறு விஷயம்!)

உலோகங்களின் கடினத்தன்மையைச் சோதிக்கும் எந்திரமும் இதையேதான் செய்கிறது. விரலுக்குப் பதில் ஒரு வைரத் துண்டு, பழத்துக்குப் பதில் இரும்பு. எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று பார்த்து, எவ்வளவு கடினம் என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. இந்தக் குடும்பத்தில் ஒரு கடைக்குட்டி உண்டு. பெயர் மைக்ரோஹார்ட்னெஸ் டெஸ்டர். தமிழில் நுண்கடினத்தன்மை அளவி என்று சொல்லலாம். இது போடும் பள்ளம் பல நேரம் ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசிதான் இருக்கும்.

அவ்வளவு சின்னப் பள்ளத்தை அளக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. எந்திரம் சொல்கிற எண்ணில் உலோகத்தின் பங்கு எவ்வளவு, பார்க்கிற கண்ணின் பங்கு எவ்வளவு? கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு மாணவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட கதை இது.

பல்லும் தோலும்

இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு மாணவியும் ஒரு மாணவனும் ஒரு கியரைக் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர் ஊருக்கு வெளியே சின்னதாக ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறை வைத்திருப்பவர். "நல்லா அளந்து பாத்து எத்தனை ஆழம்னு சொல்லுங்க கண்ணு. 0.8 வரணும்" என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அது என்ன 0.8?

கியர் பல்லுக்கு இரண்டு குணம் வேண்டும். ஒன்றோடொன்று உரசுவதால் மேல்தோல் தேயாத அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். அதே நேரம் வண்டி திடீரென்று குலுங்கும்போது பல் கண்ணாடி மாதிரி உடைந்து போகக் கூடாது. அதனால் உள்ளே கொஞ்சம் இளகிய, அடி தாங்கும் உடம்பு வேண்டும். ஒரே துண்டு இரும்பில் இரண்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

இதற்குக் கண்டுபிடித்த வழி கார்புரைசிங். ஏறத்தாழ 0.2 சதவீதம் மட்டுமே கார்பன் உள்ள எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பன் நிறைந்த வாயுவுக்குள் சில மணி நேரம் வைப்பார்கள். கார்பன் மேல்தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறும். பாகில் ஊறும் குலோப் ஜாமூன் மாதிரி. பிறகு எண்ணெயில் சட்டென்று குளிர்வித்தால் கார்பன் ஊறிய தோல் மட்டும் மிகக் கடினமாகிவிடும். நடுப்பகுதி அந்த அளவுக்கு மாறாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஊறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆழம் வேண்டும் என்றால் நான்கு மடங்கு நேரம் உலை எரிய வேண்டும். உலை எரிவது என்றால் காசு எரிவது. ஆகவே பட்டறைக்காரர் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்க விரும்ப மாட்டார். வாங்குகிற கம்பெனியோ தோல் மெலிந்திருந்தால் பல் உரிந்துவிடும் என்று பயப்படும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே நிற்கிற பஞ்சாயத்துதான் 0.8. விக்கர்ஸ் அளவில் கடினத்தன்மை 550-க்கு இறங்குகிற இடம், மேற்பரப்பிலிருந்து குறைந்தது 0.8 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். அதற்கு முன்பே 550-க்குக் கீழே போய்விட்டால் சரக்கு தேறாது.

பட்டறையிலேயே ராக்வெல் எந்திரம் இருக்கிறதே, அதில் பார்க்கக் கூடாதா? பார்க்கலாம். அது 60 என்று காட்டும். பட்டறைக்காரரும் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த எந்திரம் 150 கிலோ பாரத்தில் மேலே இருந்து ஒரு குத்துக் குத்துகிறது. மேல்தோல் கடினமா என்பதைத்தான் அது சொல்லும். அந்தக் கடினம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைச் சொல்லாது. அதற்குப் பல்லை அறுத்து, வெட்டுமுகத்தில் ஓரத்திலிருந்து உள்ளே வரை வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேதான் கடைக்குட்டி வருகிறது.

வைரம் வந்த கதை

கடினத்தன்மையை அளக்கும் ஆசை பழையது. 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்து கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதுதான் அவருடைய அளவுகோல். மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க் கடைசி, வைரம் முதல். கல்லுக்கு இது போதும். ஆனால் எஃகில் நூறு ரகம் இருக்கிறது. கீறிப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

1900-ல் ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் ஒரு வழி சொன்னார். 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 3000 கிலோ பாரத்தில் அழுத்தி, விழும் குழியின் விட்டத்தை அளப்பது. எளிமையான வழி. ஆனால் சோதிக்கிற பொருள் குண்டைவிடக் கடினமாக இருந்தால் குண்டே நசுங்கிவிடும்! அடுத்து அமெரிக்காவில் பால் பியரிங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் எந்திரம் குழியின் ஆழத்தை நேராக முள்ளில் காட்டியது. நுண்ணோக்கி வேண்டாம், கணக்கு வேண்டாம். பட்டறைகளுக்கு அது வரப்பிரசாதம்.

1922-ல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மித், சாண்ட்லண்ட் இருவரும் குண்டை விட்டுவிட்டு வைரத்தைப் பிடித்ததைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நான்கு முகம் கொண்ட வைரப் பிரமிடு. எதிரெதிர் முகங்களுக்கு நடுவே 136 டிகிரி. ஏன் 136? பிரினெல் சோதனையில் நல்ல குழி என்பது குண்டின் விட்டத்தில் கால்வாசியிலிருந்து பாதிக்குள் இருக்கும். அதன் நடு அளவான 0.375-ல் குண்டுக்கு இரண்டு பக்கமும் தொடுகோடு வரைந்தால் அவை சந்திக்கும் கோணம் 136 டிகிரி. பழைய எண்களோடு புதிய எண்கள் ஓரளவு ஒத்துப்போகட்டும் என்று செய்த ஏற்பாடு. மாமியார் சமையலின் ருசி மாறாமல் மருமகள் புதுப் பாத்திரத்தில் சமைப்பது மாதிரி!

பிரமிடுக்கு ஒரு பெரிய குணம். சின்னப் பாரம் வைத்தாலும் பெரிய பாரம் வைத்தாலும் பள்ளத்தின் வடிவம் ஒன்றுதான், அளவுதான் மாறும். அப்படியானால் பாரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே? போனார்கள். 1936-ல் லிப்ஸ், சாக் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்க்கும் அளவுள்ள பொருட்களையே சோதிக்கும் கருவியைப் பற்றி எழுதினார்கள். 1939-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ஃபிரெடரிக் நூப்பும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு நீட்டமான வைரத்தைச் செய்தார்கள். (ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'கே' வரும். எத்தனை வைவாவில் எத்தனை பேர் அதை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் முழித்தார்களோ!)

இன்று ஆய்வகங்களில் இருக்கும் அளவியில் பாரம் கிராம் கணக்கில்தான். 10 கிராம், 25, 50, 100 என்று ஏறி 1 கிலோவில் முடியும். பார்க்க ஒரு நுண்ணோக்கி மாதிரியே இருக்கும். லென்ஸ் சுழலும் தலையில் இன்னொரு கையாக வைரமும் இருக்கும். லென்ஸில் இடம் பார்த்து, தலையைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் வைரம் மெதுவாக இறங்கும். 10 முதல் 15 நொடி அப்படியே நிற்கும். பிறகு ஏறிவிடும். மறுபடி லென்ஸைத் திருப்பினால் பளபளக்கும் பரப்பில் கறுப்பாக ஒரு சின்ன டைமண்ட் சீட்டு.

கண்வில்லைக்குள் இரண்டு கோடுகள் தெரியும். திருகைத் திருப்பி ஒரு கோட்டை இடது மூலைக்கும் இன்னொன்றை வலது மூலைக்கும் கொண்டுவர வேண்டும். பிறகு மேல், கீழ் மூலைகள். இரண்டு மூலைவிட்டங்களின் சராசரிதான் அளவு. பாரத்தைக் கிலோவில் எடுத்து, 1.854-ஆல் பெருக்கி, மூலைவிட்டத்தின் (மில்லிமீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் விக்கர்ஸ் எண். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

நோட்டில் இரண்டு எண்கள்

இரண்டு மாணவர்களும் சோம்பேறிகள் அல்ல. பல்லைச் சூடேறாமல் தண்ணீர் ஊற்றி அறுத்தார்கள் (சூடேறினால் கடினம் இறங்கிவிடும்). பேக்கலைட்டில் பதித்தார்கள். எமரி தாளில் சொரசொரப்பிலிருந்து மழமழப்பு வரை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கடைசியில் வைரப் பசையில் கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். இதில் ஓரம் மழுங்கிவிட்டால் எல்லாம் வீண். ஏனென்றால் அளக்கவேண்டியதே ஓரத்திலிருந்துதான். முதல் துண்டு அப்படி வீணாகி, இரண்டாவது துண்டுதான் தேறியது.

100 கிராம் பாரம் வைத்தார்கள். ஓரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பள்ளம் போட்டார்கள். ரெக்கார்டு நோட்டு தனித்தனியாக எழுத வேண்டும் என்பதால் ஒரே பள்ளங்களை இருவரும் தனித்தனியாக அளந்தார்கள். மதியம் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

0.8 மில்லிமீட்டரில் இருந்த பள்ளத்துக்கு அவள் எழுதியிருந்தது 18.7 மைக்ரான். அவன் எழுதியிருந்தது 18.2. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை மைக்ரான் வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கில் போட்டால் அவள் எண் 530, அவன் எண் 560. நடுவே நிற்கிறது 550!

வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். அவள் கணக்கில் தோலின் ஆழம் 0.75. அவன் கணக்கில் 0.82. ஒருத்தி கணக்கில் சரக்கு தேறாது, ஒருவன் கணக்கில் தேறும். பள்ளம் அதே பள்ளம். எந்திரம் அதே எந்திரம்.

"என்னோடத போட்டுடலாம். அவரு டீ வேற வாங்கிக் குடுத்தாரு" என்றான் அவன், பாதி விளையாட்டாக.

அவள் மறுபடி போய் உட்கார்ந்தாள். தான்தான் தப்பாகப் பார்த்திருப்போம் என்று அவளுக்கும் தோன்றியது. அதே பள்ளம். இந்த முறை 18.5. கணக்கில் 542. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 18.4. அது 548. இன்னும் ஒரு முறை. 18.3. கணக்கில் 554. தாண்டிவிட்டது!

அப்போதுதான் அவள் கை திருகிலிருந்து விலகியது. காலையிலிருந்து அந்தப் பள்ளம் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். எந்த எண் வந்தால் நல்லது என்று அவளுக்கு இப்போது தெரியும். கோட்டை நகர்த்தியது கையா, ஆசையா?

யாரும் பொய் சொல்லவில்லை

இதில் கவனிக்கவேண்டியது, அவள் ஏமாற்றவே நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூலை அங்கேதான் இருப்பதாக நிஜமாகவே அவளுக்குத் தெரிந்தது. அது எப்படி?

காரணம் ஒளியிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.55 மைக்ரான். சாதாரணமாக இந்தக் கருவியில் இருக்கும் 40 மடங்கு லென்ஸில் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.4 மைக்ரான். அதற்குக் கீழே எவ்வளவு உருப்பெருக்கினாலும் மங்கலும் சேர்ந்துதான் பெரிதாகும். பள்ளத்தின் மூலை ஊசி மாதிரி கூராக முடிந்தாலும், கண்ணுக்கு வருவது மங்கிக் கரையும் ஒரு நிழல்தான். அந்த நிழலுக்குள் மூலை எங்கே என்று முடிவு செய்வது மனிதர். ஒருவர் நிழல் தொடங்கும் இடத்தில் கோட்டை வைப்பார். இன்னொருவர் நிழல் முழுக்க முடியும் இடத்தில் வைப்பார். இருவரும் நேர்மையானவர்களே. நிழலுக்குள் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பள்ளம் சிறிதாகச் சிறிதாக இந்த இடத்தின் மதிப்பு கூடும். 700 விக்கர்ஸ் உள்ள எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் மூலைவிட்டம் ஏறத்தாழ 16.3 மைக்ரான். அரை மைக்ரான் கூட்டிப் படித்தால் 659, குறைத்துப் படித்தால் 745. பாரத்தை 25 கிராமாகக் குறைத்தால் மூலைவிட்டம் 8 மைக்ரான் சொச்சம். அதே அரை மைக்ரான் பிழைக்கு 621-லிருந்து 794 வரை ஊசலாடும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் பாஸ் போடலாம், யாரை வேண்டுமானாலும் பெயிலாக்கலாம்.

இது போதாதென்று உலோகமும் தன் பங்குக்கு விளையாடும். பாரம் மிகக் குறைந்தால் அதே உலோகம் கொஞ்சம் கூடுதல் கடினமாகவே காட்டும். பாலிஷ் போடும்போதே மேல்பரப்பு சற்று இறுகிவிடுவது ஒரு காரணம். இன்னொரு காரணம், மிகச் சின்னப் பள்ளத்தின் வளைவுக்கு இடம் கொடுக்க உலோகப் படிகத்துக்குள் குறைகள் நெருக்கமாகக் குவிய வேண்டியிருப்பது. நிக்ஸ், காவ் என்ற இருவர் 1998-ல் இதற்கு ஒரு கணக்கு எழுதினார்கள். அதனால்தான் விக்கர்ஸ் எண்ணை எழுதும்போது பக்கத்திலேயே பாரத்தையும் எழுதவேண்டும் என்கிறது தரநிலை. வெறும் 700 என்று எழுதுவது, பஸ் நம்பரைச் சொல்லிவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுவது மாதிரி.

அண்ணன் சொன்ன வழி

ஆய்வக உதவியாளர் பல வருடமாக அந்த எந்திரத்தோடு குடும்பம் நடத்துபவர். இருவரின் நோட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு டெஸ்ட் பிளாக். கடினம் எவ்வளவு என்று சான்றிதழோடு வந்த எஃகுத் துண்டு. 100 கிராமில் 700 விக்கர்ஸ். அப்படியென்றால் மூலைவிட்டம் 16.3 மைக்ரான் வர வேண்டும்.

"ரெண்டு பேரும் படிங்க. ஒருத்தர் படிக்கிறத இன்னொருத்தர் பாக்கக் கூடாது."

அவன் படித்தது 16.0. அவள் படித்தது 16.5. ஐந்து பள்ளத்திலும் கிட்டத்தட்ட அதே கதை. அவன் எப்போதும் கொஞ்சம் உள்ளே, அவள் எப்போதும் கொஞ்சம் வெளியே. உண்மை நடுவில்.

"அப்ப நாங்க ரெண்டு பேருமே தப்பாண்ணா?" என்று கேட்டாள்.

"தப்பில்ல கண்ணு. உங்க கண்ணு எவ்வளவு தள்ளிப் பாக்குதுன்னு உங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது. இப்பத் தெரியும். எந்திரத்துக்கு மட்டுமா காலிபரேசன், பாக்குற ஆளுக்கும்தான்."

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "ஏன் 100 கிராம் வெச்சீங்க?"

0.1 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாகப் போடவேண்டும் என்பதால் சின்னப் பாரம் என்றான் அவன். காரணம் சரிதான். பள்ளத்தைச் சுற்றி இருக்கும் உலோகமும் இறுகிவிடும் என்பதால் எஃகில் ஒரு பள்ளத்தின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் மூலைவிட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இடைவெளி விட வேண்டும். ஓரத்திலிருந்து இரண்டரை மடங்கு. 1 கிலோ வைத்தால் 550 விக்கர்ஸில் மூலைவிட்டம் 58 மைக்ரான். மூன்று மடங்கு என்றால் 0.17 மில்லிமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் 0.1-க்கு ஒன்று போட முடியாது.

"நேர்கோட்டுல யாரு போடச் சொன்னா? கோலப் புள்ளி மாதிரி மாத்தி மாத்தி வைங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். இந்த மாதிரி ஆழம் பாக்குறதுக்கு வழக்கமா 1 கிலோதான். ஸ்டாண்டர்டப் படிச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

இருவரும் தலையைச் சொறிந்தார்கள். :-)

மறுநாள் 1 கிலோவில், ஓரத்திலிருந்து போதிய தூரம் தள்ளித் தொடங்கி, மாற்றி மாற்றிப் பள்ளம் போட்டார்கள். இந்த முறை ஓர் ஒப்பந்தம். ஒருவர் கோட்டை மட்டும் வைப்பது, திருகில் என்ன எண் என்று பார்ப்பது இன்னொருவர். கோடு வைக்கிறவருக்கு எண் தெரியாது. எந்தப் பள்ளம் எந்த ஆழம் என்பதும் கலைத்து வைக்கப்பட்டது. ஆசை உட்கார நாற்காலியே இல்லை.

பழைய அரை மைக்ரான் பழக்கம் இருவருக்கும் போய்விடவில்லை. ஆனால் 58 மைக்ரான் பள்ளத்தில் அரை மைக்ரானுக்கு 10 விக்கர்ஸ்கூட மாறாது. அவள் கணக்கில் ஆழம் 0.78. அவன் கணக்கில் 0.80. இடைவெளி 0.07-லிருந்து 0.02-க்கு இறங்கிவிட்டது.

பெரிதாக்க முடியாத இடங்கள்

கியர் பல் என்பதால் பாரத்தைக் கூட்டித் தப்பிக்க முடிந்தது. தப்பிக்கவே முடியாத பொருட்களும் இருக்கின்றன. கடைகளில் தங்க நிறத்தில் டிரில் பிட் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தடிமன் சில மைக்ரான்தான். கடினமோ 2000 விக்கர்ஸையும் தாண்டும். இதில் பலமாக அழுத்தினால் வைரம் பூச்சையும் தாண்டி அடியில் இருக்கும் எஃகைத் தொட்டுக் கேட்கும். வருகிற எண் பூச்சுடையதும் இல்லை, எஃகுடையதும் இல்லை. தோசையின் மெத்தென்ற தன்மையைக் கல்லோடு சேர்த்து அழுத்திப் பார்த்த மாதிரி.

அதனால் ஒரு கட்டைவிரல் விதி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் ஆழம் பூச்சின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 3 மைக்ரான் பூச்சுக்கு 0.3 மைக்ரான் வரைதான் இறங்கலாம். விக்கர்ஸ் வைரத்தில் ஆழம் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. 10 கிராம் வைத்தாலும் 2000 விக்கர்ஸ் பூச்சில் 0.4 மைக்ரானுக்கு மேல் போய்விடும். இங்கேதான் நூப்பின் நீட்டமான வைரம் கை கொடுக்கிறது. அதன் பள்ளம் அகலத்தைப் போல் ஏழு மடங்கு நீளம். ஆழமோ நீளத்தில் முப்பதில் ஒரு பங்குதான். அதே 10 கிராமில் ஏறத்தாழ 8 மைக்ரான் நீளத்துக்குப் பள்ளம் தெரியும், ஆழம் 0.3-க்குள் நிற்கும். ஆழம் குறைவு, ஆனால் படிக்க நீளம் அதிகம். 1939-ல் யோசித்த சாமர்த்தியம் இன்றும் பூச்சுக்கும், கண்ணாடி மாதிரி விரிசல் விடும் பொருட்களுக்கும் உதவுகிறது.

இன்னும் மெலிந்த படலங்களுக்குப் பள்ளத்தைக் கண்ணால் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். வைரம் இறங்கும்போதும் ஏறும்போதும் எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஆழம் என்று கருவியே எழுதிக்கொண்டு போகும். 1992-ல் ஆலிவர், ஃபார் இருவரும் அந்த வளைகோட்டிலிருந்து கடினத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். விக்கர்ஸ் அளவிகளிலும் இப்போது கேமராவும் மென்பொருளும் வந்துவிட்டன. மென்பொருளே மூலையைக் கண்டுபிடித்து எண் சொல்லும்.

அப்படியானால் அவள் சந்தித்த சிக்கல் தீர்ந்ததா? பாதிதான். மென்பொருளுக்குக் களைப்பு வராது, பட்டறைக்காரரின் டீயும் அது குடிக்கவில்லை. ஆனால் எவ்வளவு கறுப்பு இருந்தால் அது மூலை என்று அதற்கும் யாரோ ஒரு மனிதர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் குறைத்தால் அதன் எண்ணும் நகரும். அதற்கும் டெஸ்ட் பிளாக் வேண்டும்.

பட்டறைக்காரரிடம்

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது பழைய கேள்வி மறுபடி வந்தது. 0.80 என்று எழுதினால் தேறும். 0.78 என்று எழுதினால் தேறாது. இரண்டும் நோட்டில் இருக்கிறது. எதை எழுதுவது?

இருவருடையதையும் எழுதினார்கள். சராசரி 0.79 என்றும், பார்ப்பவரைப் பொறுத்து 0.01 மேலும் கீழும் போகலாம் என்றும், இது எல்லைக்கோட்டில் இருக்கிறது, 0.8 உறுதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். டெஸ்ட் பிளாக்கில் யார் எவ்வளவு தள்ளிப் படித்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தார்கள்.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது இருவருக்கும் தயக்கம்தான். பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரே பல்லையா ரெண்டு பேரும் அளந்தீங்க?"

"ஆமாங்க சார்."

"அப்ப மத்த பல்லு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மைக்ரானோடு மூன்று நாள் மல்லுக்கட்டியதில், ஒரு கியரில் பல பற்கள் உண்டு, ஓர் உலையில் நூறு கியர் வேகும் என்பதே மறந்து போயிருந்தது.

அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஐந்து மணி நேரத்துக்கு 0.79. சந்தேகமே இல்லாமல் 0.85 வரவேண்டும் என்றால் இன்னும் முக்கால் மணி நேரம். வர்க்கமூலம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆனால் விடை சரியாக இருந்தது.

"இந்த லாட்ட கம்பெனிக்காரங்ககிட்டயே காட்டிக் கேட்டுக்கறேன். அடுத்த லாட்டுக்கு முக்கா மணி சேத்தி விடறேன்" என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். டீ வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

பையன் ஒரு சாக்குப் பையில் மூன்று கியரைக் கொண்டுவந்து வைத்தான். உலையின் மேல்தட்டிலிருந்து ஒன்று, நடுத்தட்டிலிருந்து ஒன்று, அடித்தட்டிலிருந்து ஒன்று.

டீ அதற்கப்புறம்தான் வந்தது.